பெர்த்துக்குப் போகலாமா?

"அப்பா, அங்க போனா தமிழ் கிளாஸ் இருக்காதா?"

சொல்வதெழுதல் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே மகள் கேட்டாள். 'ஞாயிறு' எழுதிக்கொண்டிருந்தாள். ஞா சரியாக வராமல் அழித்து அழித்து, தாளே அந்த இடத்தில் மெலிந்துபோயிருந்தது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வந்திருக்கும் வேலைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆசை நிறைய இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரம்தான். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இங்கே என்ன நேரமோ அங்கேயும் அதே. காட்டஸ்லோ கடற்கரையில் சூரியன் இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். கோடை வெயிலைத் தணிக்கப் பிற்பகலில் வரும் கடற்காற்றுக்கு 'ஃபிரிமேன்டில் டாக்டர்' என்றே அங்கே பெயர். இந்தப் புழுக்கத்தில் இருக்கும் நமக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் இங்கே தமிழ் ஆட்சிமொழி. தொடக்கநிலை ஒன்றிலிருந்தே பள்ளி நேரத்தில் தமிழ்ப் பாடம், தேர்விலும் மதிப்பெண். அங்கே போனால் வார இறுதி வகுப்பும் எங்கள் பிடிவாதமும்தான்.

அம்மாவோ, "தேக்கா மார்க்கெட்ட விட்டு நான் வரலப்பா" என்று சொல்லிவிட்டார்.

மகள் தொடக்கநிலை ஆறு முடிக்கும்வரை தள்ளிப்போட முடியுமா என்று நாளை கேட்கப் போகிறேன்.

பெர்த்தில் பிள்ளை வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் தமிழில்தான் பதில் சொல்கிறார்களா?