முளைப்பாலிகையும் மேப்பிள் இலைத் தோரணமும்

புரட்டாதி பிறந்தால் எங்கள் கல்லூரியின் பின் தாழ்வாரத்தில் சிரட்டைகள் வரிசைகட்டி நிற்கும். வாணிவிழாவுக்கு முளை போடுவது விவசாயம் படிக்கும் வகுப்பின் வேலை. கோலமும் தோரணமும் சித்திர வகுப்புக்கு. கும்பத்துக்கு இருபுறமும் இளமஞ்சள் முளைகள் வந்து அமர்ந்த பிறகுதான் மண்டபத்துக்கு விழாக்களை வரும். ரொறன்ரோவில் பிளாஸ்ரிக் மாலையோடு விழாவை முடித்துக்கொள்வது வருத்தமான விஷயம். மேப்பிள் நிறம் மாறத் தொடங்கும் நாட்களில்தான் இங்கே நவராத்திரி வருகிறது.

முளைக்கு முதலில் நவதானியத்தைப் பார்த்து வாங்கவேண்டும். தோல் நீக்கிய உழுந்தும் உடைத்த பருப்பும் ஒருநாளும் முளைக்காது. வெள்ளை எள்ளும் பெரும்பாலும் தோல் நீக்கியதுதான். கறுப்பு எள்ளே வேண்டும். பயறு, கொள்ளு, கடலை, துவரை எல்லாம் முழுசாக இருக்கட்டும். நெல் கிடைக்காத ஊரில் முழுக்கோதுமையை நம்பலாம்.

ஒன்பதையும் ஒரே நாளில் விதைப்பதுதான் பலர் விடும் பிழை. பயறு இரண்டாம் நாளே தலைகாட்டி, ஆறேழு நாளில் நீண்டு சாய்ந்துவிடும். நெல் அப்போதுதான் எழும்பும். ஆகவே நெல்லை ஒருநாள் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி இன்னொரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, முளை கண்டபின் விழாவுக்குப் பத்து நாள் முன்னே போடுங்கள். கோதுமைக்கு எட்டு நாள். உழுந்துக்கும் கொள்ளுக்கும் ஏழு. பயறுக்கு ஐந்தே போதும். எள்ளை ஊறவைக்காமல் மண்ணின் மேலே தூவி, லேசாக அழுத்திவிடுங்கள். கீழே துளையிட்ட சிறு சட்டியில் மணலும் சாடி மண்ணும் சரிபாதி, மூன்று அங்குல உயரம். இங்கத்தைய வீட்டுச் சூடு 20 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். நெல்லுக்கு அது குறைவு. குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தால் கொஞ்சம் வெப்பம் கிடைக்கும்.

மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் வெளிச்சம் படாமல் மூடிவைக்கவேண்டும். கூடையாலோ கடதாசிப் பெட்டியாலோ மூடுங்கள், பொலித்தீனால் வேண்டாம். காற்றில்லாமல் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீரை ஊற்றாமல் காலையும் மாலையும் தெளித்தாலே போதும். கோதுமை வேரைச் சுற்றி வெண்பஞ்சு மாதிரித் தெரிந்தால் உடனே எறிந்துவிடாதீர்கள். தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்மயிர். மறையாமல் சிலந்திவலை போலப் படர்ந்து மணத்தால்தான் பூஞ்சணம்.

மாக்கோலத்துக்குச் சிவப்பரிசி மா சரிவராது, வெண்மை எடுக்காது. வெள்ளைப் பச்சையரிசியை இரண்டு மணிநேரம் ஊறவிட்டு, வழுவழுப்பாக அரைத்து, பால் பதத்தில் கரையுங்கள். போடும்போது மங்கலாகத்தான் தெரியும், காய்ந்தபின் வெளுக்கும். அதற்குள் பொறுமையிழந்து மேலே இன்னொரு கோடு இழுத்தால் தடித்துப் பொருக்குவிடும். வாடகை மண்டபத் தரையில் போட விடமாட்டார்கள்; கறுப்பு மட்டையில் போட்டு விரிக்கலாம்.

தோரணத்துக்குக் குருத்தோலை இங்கே அருமை. மேப்பிள் இலை நன்றாகவே பொருந்தும், அதன் சிவப்பு கும்பத்துப் பட்டோடு சேரும். அன்று விழுந்த உலர்ந்த இலையைப் பொறுக்குங்கள். மழையில் கிடந்தது கபிலமாகிவிடும். புதினத்தாள்களுக்கிடையே ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி, பாரம் வைத்து, மறுநாள் தாளை மாற்றி, ஒரு கிழமை விடுங்கள். பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கிய மெழுகில், காம்பைப் பிடித்தபடி ஒருதரம் தோய்த்து எடுங்கள். மெழுகு ஆறியிருந்தால் வெள்ளையாய்த் தடித்து நிறத்தை மறைக்கும்.

வளையும் இலை வேண்டுமானால் ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, நாலைந்து நாள் முழுக்க அமிழ்த்திவையுங்கள். நிறம் சற்று இருண்டாலும் நொறுங்காது. கொப்பைக் கிளிசரினில் நிறுத்திவைக்கும் முறை பச்சை இலைக்கு மட்டுந்தான். பழுத்த இலையில் காம்பின் அடியில் தடுப்புப் படை வளர்ந்து நீரோட்டத்தை அடைத்துவிடும், எனவே கிளிசரின் ஏறாது. 2025இல் போல விஜயதசமி ஒக்டோபர் 2இலேயே வந்துவிட்டால் ரொறன்ரோவில் சிவந்த இலை போதியளவு இராது. முந்தைய ஆண்டே பதப்படுத்தி வைத்திருக்கவேண்டும்.

கட்டும்போது காம்பைச் சணல் நூலில் இரண்டு முடிச்சாக இறுக்குங்கள். மெழுகு இலை சட்டென்று பற்றும், அதனால் குத்துவிளக்குக்கு மேலேயோ அருகிலோ அந்தத் தோரணம் வரவே கூடாது.