பத்தாம் வகுப்பு முடிந்த அந்தச் சில நாட்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் பள்ளித் தொடர்புத் திட்டத்துக்கு நான் பொறுப்பேற்றபோது அதில் நான்கு அரசுப் பள்ளிகள் இருந்தன. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்து வந்து ஆய்வகம், நூலகம் எல்லாம் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு அனுப்புவோம். இரண்டு வருடத்தில் அதைப் பதினோரு பள்ளிகளாக்கினேன். திட்டம் வளர்ந்துவிட்டது என்றே நம்பினேன்.

ஒருநாள் சிவில் ஆய்வகத்தில், கான்கிரீட் கட்டையை அழுத்தி உடைக்கும் இயந்திரத்தை விட்டு நகராமல் ஒரு மாணவி நின்றாள். "சார், இது படிக்க என்ன குரூப் எடுத்திருக்கணும்?" என்றாள். அவள் படித்தது தாவரவியலும் விலங்கியலும் உள்ள குரூப். கணிதம் கிடையாது. பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் 200இல் 100 கணிதத்துக்கு, மீதி இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஏன்மா அதை எடுத்தே என்று கேட்டேன். "கணக்கு கஷ்டம்னு சொன்னாங்க சார். ஃப்ரெண்டும் இதுலதான் சேர்ந்தா."

அவளிடம் நாங்கள் போயிருக்க வேண்டியது இரண்டு வருடத்துக்கு முன்னால்.

அடுத்த மே மாதம், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பள்ளிகளுக்குப் போய் உட்கார்ந்தோம். எந்த குரூப் எடுத்தால் எதெல்லாம் படிக்கலாம், எதைப் படிக்க முடியாமல் போகும் என்று பெற்றோரையும் வைத்துக்கொண்டு பேசினோம். எங்களைவிட, அதே பள்ளியில் படித்து எங்களிடம் சேர்ந்த பிள்ளைகள் பேசியதுதான் எடுபட்டது. ஊர்க்காரப் பெண் சொன்னால் அம்மாக்கள் கேட்கிறார்கள்.

அங்கேதான் ஒரு அப்பாவைப் பார்த்தேன். கடன் வாங்கி மகனை ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை தனியார் பள்ளியில் படிக்க வைத்தவர். கட்டணம் கட்ட முடியாமல் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021இலும் வந்தது. பொறியியலில் இந்த வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. கடைசியில் சொன்னேன். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிப்பவருக்குக் கட்டணச் சலுகை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காவது இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வருடத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரையும் கூட்டத்துக்கு அழைக்கிறோம்.

இன்னொன்றும் புரிந்தது. கணிதம் எடு என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு வருவது பாதி வேலைதான். பதினொன்றாம் வகுப்புக் கணிதம் முதல் மாதத்திலேயே பயமுறுத்திவிடும். பாதியில் குரூப் மாறிப் போனவர்கள் உண்டு. அதனால் சனிக்கிழமை காலைகளில் எங்கள் முதுகலை மாணவர்கள் பள்ளிக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள். போக்குவரத்துச் செலவுக்கும் ஆளுக்கும் ஆறு பள்ளிகளுக்குத்தான் கட்டுப்படியாகிறது. மீதி ஐந்து தலைமையாசிரியர்களும் எப்போது வருவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த வருடம் புதுப் பள்ளி எதையும் சேர்க்க வேண்டாம் என்று துறைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அந்த ஐந்துக்கும் சனிக்கிழமை வகுப்பு போய்ச் சேரட்டும், பிறகு பார்க்கலாம்.