ஃபிரேம் ஏரிக்கரையில் வானவில் கொடி

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃபில் ஏறத்தாழ 20,000 பேர்தான் வாழ்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மங்காத ஒரு கோடையில், ஃபிரேம் ஏரிக்கரைப் பூங்காவில் நடந்த பிரைடு கொண்டாட்டத்துக்கு, அதாவது தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோரின் பெருமித விழாவுக்கு, சென்றிருந்தேன். பெருநகரப் பேரணிகளின் ஆரவாரம் அங்கு இல்லை. முதிய பெண்மணி ஒருவர், தாம் மணிகோத்துத் தைத்த மான்தோல் காலணியின் விளிம்பில் பிரைடின் அடையாளமான வானவில் கொடியின் ஆறு நிறங்களையும் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொரு மணியும் கடுகளவே இருந்தது.

அந்த மண்ணில் இக்கொண்டாட்டத்துக்குத் தனிப் பொருள் உண்டு. அதே பிரதேசங்களில், கிரேட் ஸ்லேவ் ஏரியின் தென்கரையில் இருந்த பைன் பாயிண்ட் என்னும் சுரங்க ஊரில் மெக்கானிக்காக வேலை பார்த்த எவரெட் கிளிப்பர்ட், ஆண்களுடன் இசைவோடு உறவு கொண்டதாகக் காவல்துறையிடம் ஒப்புக்கொண்டதற்காக 1965இல் கைதானார். அவரை ‘ஆபத்தான பாலியல் குற்றவாளி’ என்று அறிவித்துக் காலவரையின்றிச் சிறையில் வைத்ததை 1967இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அத்தீர்ப்பு எழுப்பிய எதிர்ப்பு, வயதுவந்த இருவர் தனிமையில் இசைவோடு கொள்ளும் தன்பாலுறவு குற்றமல்ல என்றாக்கிய 1969ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கு வலுச்சேர்த்தது. ஆனால் கிளிப்பர்ட் விடுதலையானது 1971இல்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பயணியாகச் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் ஒரு முகம் படத்தில் பதிவதன் விளைவு பெரிது. ஆகவே அனுமதி கேட்காமல் எவரையும் படம் எடுக்காதீர்கள்; நான் அன்று கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, நாற்காலிகளை மடக்கி அடுக்க உதவினேன்.