நீலப் பெட்டியும் உறுமியும்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

சனி, 5 ஜூலை 2025

"டாக்டர் ஹூ" என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை அப்படியே வாசித்துப் பழகுவதை இன்றோடு நிறுத்திக்கொள்வதெனக் குழுவில் முடிவு செய்தோம். ரான் கிரெய்னர் எழுதிய மெட்டுக்கு 1963-ல் பிபிசியின் ரேடியோஃபோனிக் பட்டறையில் டெலியா டெர்பிஷயர் ஒலிவடிவம் கொடுத்தார். அதை என்னுடைய கீபோர்டில் வாசித்தால் கைப்பேசி அழைப்பொலியைப் போலத்தான் கேட்கிறது. இதே தொடரின் மீது கொண்ட பற்றினால் இங்கிலாந்தில் கமீலியன் சர்க்கிட் என்ற ரசிகர் குழு சொந்தப் பாட்டுகளைக் கட்டி, 2009-லும் 2011-லும் தொகுப்புகளாக வெளியிட்டது. நாங்களும் சொந்தமாகத்தான் கட்ட வேண்டும்.

அந்தக் குழுவின் பெயரே எங்கள் முதல் பாட்டுக்குக் கருவைத் தந்தது. டார்டிஸ் என்னும் காலக்கப்பல் எங்கே இறங்கினாலும் அந்த இடத்துக்குப் பொருத்தமான உருவத்தை எடுக்க வேண்டும். அதற்கான கமீலியன் சர்க்கிட் பழுதாகிவிட்டதால், லண்டனில் எடுத்த நீலநிறப் போலீஸ் தொலைபேசிப் பெட்டியின் உருவத்திலேயே அது நிலைத்துவிட்டது. பழுது நீங்கி அது நம் மலேசியத் தோட்டத்தில் இறங்கினால் என்ன உருவம் எடுக்கும் என்று கேட்டேன். கித்தார் வாசிக்கும் தம்பி செம்பனைக் குலை ஏற்றும் லோரி என்றான். பாடகி, பழைய ரப்பர் பால் கொட்டகை என்றாள். மரத்தடி முனீஸ்வரர் மாடம் என்று நான் சொன்னதை ஒருவரும் ஏற்கவில்லை. கடைசியில் பால் கொட்டகையே நிலைத்தது. பல்லவிக்கு இரண்டு வரிகள் கிடைத்திருக்கின்றன. இரண்டாவது வரி இன்னும் இடிக்கிறது.

ஞாயிறு, 13 ஜூலை 2025

டார்டிஸ் இறங்கும்போது எழும் அந்த முனகல் ஒலியை எந்தக் கருவியால் கொண்டுவருவது என்று காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். கணினியில் எதை எதையோ கலந்து பார்த்தும் அந்த ஒலியில் உயிர் வரவில்லை. கித்தார் தம்பியை அழைத்துப்போக வந்த அவனுடைய மாமா, கோயில் உறுமி மேளக் குழுவில் வாசிப்பவர், வாசலில் நின்றபடியே மூல ஒலியைக் கேட்டுவிட்டு, "இது உறுமியோட இழுப்புதானே, தங்கச்சி? யாரு வாசிச்சது?" என்றார்.

வாசித்தவர் பிரையன் ஹாட்ஜ்சன் என்பதையும், வாசித்தது ஒரு வீட்டுச் சாவியால் என்பதையும் அவருக்குச் சொன்னேன். பழைய பியானோ ஒன்றின் தடித்த மந்தரக் கம்பிகளின் மீது சாவியை அழுத்தி இழுத்து ஒலிப்பதிவு செய்து, பிறகு அந்த நாடாவைப் பலவிதமாக மாற்றித்தான் அந்த முனகலை உண்டாக்கினார்கள். அந்த உறுமி அண்ணன் சற்றும் வியக்கவில்லை. வண்டியிலிருந்து உறுமியை எடுத்துவந்து, வளைந்த குச்சியின் முனையைத் தோலின் மீது அழுத்தி மெதுவாகத் தள்ளினார். குச்சி வழுக்கிப் போகாமல் தோலைப் பிடித்துப் பிடித்து விட்டது. ஒவ்வொரு பிடிக்கும் தோல் ஒருமுறை அதிர, அந்த அதிர்வுகளெல்லாம் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு நீண்ட முனகலாக எழுந்தது. சாவி கம்பியில் செய்ததும் இதே வேலைதான். குச்சியை அழுத்தும் பலத்தை மாற்றி அவர் ஒலியை ஏற்றி இறக்கியபோது, நான் கணினியை மூடி வைத்துவிட்டேன்.

சனி, 19 ஜூலை 2025

ஆடி பிறந்துவிட்டதால் அண்ணனுக்குக் கோயில் திருவிழாக்கள் வரிசையாக இருக்கின்றன. பயிற்சி இல்லை. இரண்டாவது வரி இன்னமும் இடிக்கிறது.

ஞாயிறு, 27 ஜூலை 2025

இன்று ஒரு சிக்கல். தொடரின் முகப்பிசையில் அடியில் ஓடும் மந்தர ஒலி மும்மூன்றாகக் குதித்துச் செல்வது. நம் கணக்கில் திச்ர நடை. உறுமி மேளத்துக்கு அது மிகவும் பழக்கமான நடை என்பதால், திருவிழாவில் சாமி அழைக்கும்போது அடிப்பார்களே, அந்த அடியையே பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கித்தார் தம்பி ஆவலாகச் சொன்னான். அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அந்த அடியை அம்மன் முன்னால் தவிர வேறெங்கும் வாசிக்கப் போவதில்லை என்றும், மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது அருள் வந்துவிட்டால் மலையேற்ற யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார். தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் அடி எதற்காக உண்டானதோ அதை வாசிப்பவரே மதிக்காவிட்டால், அதை நாங்கள் கடன் வாங்குவதில் என்ன பெருமை இருக்கிறது?

ஆகவே புதிய அடி ஒன்றைக் கட்ட வேண்டியதாயிற்று. திச்ரத்தை விடாமல், மூன்றில் முதல் தட்டை வெறுமையாக விட்டு, அந்த இடத்தில் இழுப்பைத் தொடங்கிப் பார்க்கலாம் என்றார். தாளம் தடுக்கி விழப்போய்ச் சமாளித்துக்கொண்டு நடப்பதாக ஒலித்தது. பழுதான கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான நடை கிடைக்காது என்பது என் எண்ணம். பாடகிக்குத்தான் எங்கே எடுப்பது என்று பிடிபடவில்லை. வாயால் "தகிட தகிட" என்று சொல்லிக்கொண்டே மண்டபத்தைச் சுற்றி வந்தாள்.

ஞாயிறு, 3 ஆகஸ்ட் 2025

ஒலிப்பதிவுக்கென்று ஒதுக்கிய நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் உறுமியின் தோல் தளர்ந்துவிட்டதால் அண்ணன் கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் மண்டபத்துக்குப் பின்னால் தொங்கும் தண்டவாளத் துண்டை ஒலிப்பதிவு செய்தேன். ஒரு காலத்தில் இதை அடித்துத்தான் தோட்டத்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, எழுப்புவார்கள் என்று அம்மாச்சி சொல்லியிருக்கிறார்.

டெர்பிஷயர் செய்ததும் ஏறத்தாழ இதுதான். முகப்பிசையின் மந்தர ஓட்டத்துக்காக ஒற்றைக் கம்பியை மீட்டி அந்த ஒலியை நாடாவில் பதிந்தார். நாடாவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி அதற்கு வேண்டிய சுரங்களையெல்லாம் ஒரே கம்பியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய கால அளவுக்கு நாடாவை வெட்டி ஒட்டினார். நாடாத் துண்டின் நீளமே அங்கே தாளம். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர் அவர். படிப்பு முடிந்து டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். தொடரின் திரையில் அவர் பெயர் முகப்பிசைக்காக முதன்முதலில் காட்டப்பட்டது 2013-ல்தான். அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

கத்தரிக்கோலுக்குப் பதிலாக எனக்கு ஆடாசிட்டி மென்பொருள் இருக்கிறது. தண்டவாளத்தின் ஒரே அடியை வெவ்வேறு சுருதிகளில் இறக்கி அடுக்கியதில் பாட்டுக்கு மந்தர ஓட்டம் கிடைத்துவிட்டது. சுருதியை மிகவும் இறக்கியபோது, அடிக்குப் பின்வரும் அதிர்வு நீண்டு, மழைச் சத்தமும் அதோடு இறங்கிக் கடலோசையாக மாறியது. அதை நீக்கவில்லை.

ஞாயிறு, 10 ஆகஸ்ட் 2025

முதல் பாட்டு முடிந்தது. இடித்துக்கொண்டிருந்த இரண்டாவது வரியைப் பாடகி பாடாமலே விட்டுவிட்டாள். அந்த இடத்தை உறுமியின் இழுப்பு நிரப்புகிறது, நன்றாகவே இருக்கிறது.

தொடரை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அண்ணன் கேட்டார். 1960-களின் அத்தியாயங்களில் 90-க்கும் மேற்பட்டவை இன்றைக்கு இல்லை, நாடாக்களை பிபிசியே அழித்துவிட்டது என்றேன். ஆனால் அந்தக் காலத்து ரசிகர்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து ஒலியை மட்டும் நாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். அதனால் காணாமற்போன அத்தியாயங்கள் அனைத்துக்கும் ஒலி கிடைத்திருக்கிறது.

"படம் போயிருச்சு, சத்தம் மட்டும் இருக்கா?" என்று இருமுறை கேட்டுவிட்டு, அடுத்த பாட்டு அதைப் பற்றித்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். அதில் உறுமியும் ஒரு குரலும் போதும், வேறெதுவும் வேண்டாமாம். பாடகி அடுத்த மாதம் கல்லூரிக்குக் கிளம்புகிறாளே என்றேன். கீபோர்டு இல்லாத பாட்டில் எனக்கு என்ன வேலை என்றும் கேட்டேன்.

"நீ பாடு, தங்கச்சி," என்றார்.