நீ ரீச்சர்தானே, மச்சான்

“உனக்கென்ன, நீ ரீச்சர். ரீச்சர்மாருக்கு விடை தெரிஞ்சாக் காணும்.”

இதை அவன் கோபத்தில் சொல்லவில்லை. கோழிக்கறிச் சட்டியைக் கிண்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னான். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன், பிறகு இரண்டு பேரும் சிரித்திருப்போம், அதோடு போயிருக்கும். சாதாரணமாகச் சொன்னதால்தான் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

தென்கொரியாவின் டேகுவில், ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு ஹக்வோனில் (தனியார் ரியூட்டரி) சேர்ந்த புதிது. வெளிநாட்டவர் பதிவு அட்டை கைக்கு வந்த வாரமே, நண்பன் வேலைசெய்யும் கிம்ஹேக்கு வெளிக்கிட்டேன். கூடப் படிப்பிக்கும் தென்னாபிரிக்கப் பெண், “கிம்ஹேயா? எயார்போர்ட்டுக்கா?” என்று கேட்டாள். இங்குள்ள ஆங்கில ஆசிரியர்களுக்குக் கிம்ஹே என்றால் பூசானுக்குப் போக இறங்கும் விமான நிலையம், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கோ அந்தப் பெயரைக் கேட்டவுடன் அரசி ஞாபகம் வந்துவிடும். கி.பி. 48இல் அயுதா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்து சூரோ மன்னனை மணந்தாள் என்று ‘சம்குக் யூசா’ சொல்லும் ஹோ ஹ்வாங்-ஓக். அந்த நூல் தொகுக்கப்பட்டதே பதின்மூன்றாம் நூற்றாண்டில். ஆனாலும் அயுதா அயோத்திதான் என்று ஒரு பக்கம் அடித்துச் சொல்ல, இல்லை, அவள் தமிழ்ப் பெண் என்று எங்கள் பக்கம் வீடியோ மேல் வீடியோ போடுகிறது. ரொறொன்ரோவிலிருந்து சித்தப்பாவும் அதைத்தான் கேட்டார்: “அரசியின்ர சமாதியைப் பாத்து ஒரு படம் எடுத்து அனுப்பு.” நண்பனிடம் சொன்னேன். “அவ வரேக்க ஆரும் விசா கேக்கேல்லை” என்றான். சமாதிக்குக் கடைசிவரை நாங்கள் போகவில்லை.

எட்டாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். பிறகு நான் குடும்பத்தோடு கனடா போனேன், அவன் யாழ்ப்பாணத்தில் நின்றான். என் கடவுச்சீட்டு, ஆங்கிலம் பேசும் நாடுகள் என்று கொரியா ஏற்றுக்கொண்ட ஏழில் ஒன்றினது. பட்டச் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் கொடுத்தேன், ஈ-2 விசா வந்தது. கொரிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியவேண்டியிருக்கவில்லை. அவனுடையது ஈ-9. 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டம் அது. கொரிய மொழிப் பரீட்சையில் தேறவேண்டும், பட்டியலில் பெயர் ஏறவேண்டும், அதன்பிறகு எங்கோ ஒரு முதலாளி தன்னைத் தெரிவுசெய்யும்வரை காத்திருக்கவேண்டும். மொழி தெரிந்தவன் பிரஸ் மெஷினில் நிற்கிறான், தெரியாதவன் வகுப்பில் நிற்கிறேன். இதை நான் ஒரு பகிடியாகத்தான் அவனுக்குச் சொன்னேன். அவனும் பகிடியாகத்தான் எடுத்தான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமையும் அவனுக்கு வேலை. முடிந்து வரும்வரை தொங்சாங்-தொங் சந்தையடியில் நிற்கச் சொன்னான். வியட்நாம் கடை, நேபாளக் கடை, உஸ்பெக் ரொட்டிக் கடை என்று வரிசையாக இருக்கும் தெரு. கொரியர்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். ஆறரை மணிபோல வந்தான். கட்டிப்பிடித்தான், கோழி வாங்கினோம். காசு கட்டுவதற்குப் போனை எடுத்து வலது சுட்டுவிரலை அதன் பின்பக்கம் வைத்தான். திறக்கவில்லை. இன்னொருமுறை வைத்தான். பிறகு இலக்கத்தை அடித்துத் திறந்தான். அப்போதுதான் கவனித்தேன், சுட்டுவிரல் நகத்துக்குக் கீழேயே முடிந்திருந்தது. நகமே இல்லை. முனையில் தோல் இழுத்துத் தைத்த இடம் பளபளவென்று இருந்தது.

அட்டை எடுக்கப் போனபோது குடிவரவு அலுவலகத்தில் என் பத்து விரலையும் கண்ணாடியில் வைத்து உருட்டி எடுத்தது அந்தக் கிழமைகளில்தான். அவனிடமும் வந்த புதிதில் பத்தும் எடுத்திருப்பார்கள்.

வீடியோவில் வாராவாரம் கதைத்தவன் இதைச் சொல்லவே இல்லை. கேட்டபோது, “அது ஆறின காயம்” என்றான். பழக்கதோஷத்தில் இன்னும் அந்த விரலைத்தான் வைப்பானாம். வேறு விரலைப் பதியச் சோம்பல்.

கிம்ஹேயின் ஒதுக்குப்புறமான ஹல்லிமில் வயலுக்கு நடுவே சின்னச் சின்னத் தொழிற்சாலைகள். அதில் ஒன்றின் பின்னால் பலகைச் சுவர் வைத்த அறையில் அவனும், குருநாகல்காரர் ஒருவரும். இவன் அவரை ‘ஐயே’, அண்ணா, என்று சிங்களத்தில் கூப்பிடுகிறான். இருவரும் தங்களுக்குள் சிங்களமும் கொரியமும் கலந்து பேசுவதைக் கேட்க எனக்கு விசித்திரமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சிங்களப் பாடத்துக்கு ஒளிந்து திரிந்தவன் அவன்.

ஞாயிறு காலை முழுக்க நான் போனில் தேடினேன். வேலையில் காயப்பட்டால் அது ‘சான்ஜே’, தொழில்விபத்துக் காப்புறுதியில் வரும். சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்கான கொடுப்பனவு, உறுப்பு போனதற்கான இழப்பீடு எல்லாம் அதற்குள் உண்டு. விண்ணப்பத்தில் முதலாளியின் உறுதிப்படுத்தல் வேண்டுமென்ற விதியை 2018இல் எடுத்துவிட்டார்கள். தொழிலாளி நேரடியாகத் தொழிலாளர் நலக் கழகத்தில் கொடுக்கலாம். அவன் விஷயத்தில் நடந்தது வேறு. சாஜாங், அதாவது முதலாளி, தன் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டுபோய், மருத்துவமனைக் காசைக் கையால் கட்டி, இவனுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கிறார். இதற்கும் இங்கே ஒரு பெயர் இருக்கிறது, ‘கோங்சாங்’. எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. விபத்து எந்தக் கணக்கிலும் ஏறாது.

எனக்கு இரத்தம் கொதித்தது. கொதித்ததில் எவ்வளவு அவனுக்காக, எவ்வளவு நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற உற்சாகம் என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் அரைகுறையாக விளங்கிய பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் கரண்டியை வைத்துவிட்டு, மூலத்தையே, கொரிய மொழியிலேயே, நிதானமாக வாசித்தான். நான் வாசித்ததைவிட வேகமாக வாசித்தான்.

“இதெல்லாம் எனக்குத் தெரியும் மச்சான்.”

“தெரிஞ்சுகொண்டே சும்மா இருக்கிறியோ? நான் வாறன், நாளைக்கே லீவு போட்டு உன்ர சாஜாங்கோட வந்து கதைக்கிறன்.”

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

நான் என்ன பிழையாகச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். சட்டம் அவன் பக்கம். அதில் சந்தேகமே இல்லை. நான் போய்க் கதைத்தால் என்ன நடக்கும்? ஆங்கிலத்தில் கதைப்பேன், அந்த மனிதருக்கு விளங்காது, இவன்தான் மொழிபெயர்க்கவேண்டும். தன் முதலாளியைத் தானே குற்றம் சாட்டும் வசனங்களைத் தன் வாயாலேயே கொரிய மொழியில். இது எனக்கு அந்த அறையில் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியிருக்கும்.

அவனுடைய கணக்கு வேறு. ஈ-9இல் முதலில் மூன்று வருடம், முதலாளி நீட்டித் தந்தால் இன்னும் ஒரு வருடம் பத்து மாதம். நான்கு வருடம் பத்து மாதத்தையும் இடம் மாறாமல் முடித்து, அதே முதலாளி திரும்ப எடுத்தால், ஒரு மாதம் ஊரில் நின்றுவிட்டு வந்து இன்னுமொரு சுற்று. அதன்பிறகு முதலாளி பரிந்துரைத்தால் திறன்தொழிலாளர் விசாவுக்குப் புள்ளிகள். எல்லாக் கதவிலும் அதே ஆளின் கையெழுத்து. அவனுக்கு முதல் சுற்று முடிய ஒரு வருடம்கூட இல்லை. விரலை அவன் அந்தக் கணக்கில் ஏற்கெனவே கழித்துவிட்டான்.

ஐயே இடம் மாறிப் பார்த்தவர். முந்தின கம்பனியில் சம்பள நிலுவை, முறைப்பாடு செய்து வெளியே வந்திருக்கிறார். சட்டப்படியே. வந்தபின் மூன்று மாதத்துக்குள் புதிய இடம் கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுப் போகவேண்டும். தானாகத் தேடவும் முடியாது, வேலை மையம் மூலம் வரும் இடங்கள்தான். அந்த மூன்று மாதமும் ஒரு தங்குமடத்தில் கிடந்து, கடைசிக் கிழமையில் இங்கே வந்து சேர்ந்தாராம். இப்படிக் கட்டிப்போடுவது செல்லாது என்று போட்ட வழக்கும் 2021 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தோற்றுவிட்டது. அதையும் சொன்னார், கிரிக்கெட் முடிவு சொல்வதுபோல. நான் தொழில் அமைச்சின் உதவி இலக்கமான 1350க்கு அடிக்கலாமே என்றேன். வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்றே வேறு இலக்கம் இருக்கிறது, சிங்களத்திலும் கதைக்கலாம் என்று அவரே எனக்குத் திருத்தினார்.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் கணக்குச் சரிவராது. அந்த சாஜாங்கை நான் பார்த்தேன். ஞாயிறு பின்னேரம் பழைய டிரக்கில் வந்து, மனைவி கொடுத்துவிட்டதென்று ஒரு டப்பா நிறையக் கிம்ச்சி வைத்துவிட்டுப் போனார். அறுபது வயதிருக்கும். இடது கையில் இரண்டு விரல் இல்லை. என்னைப் பார்த்து, நான் ஆசிரியர் என்று இவன் சொன்னதும், குனிந்து வணக்கம் சொன்னார். நானும் குனிந்தேன். அவரைவிடக் கொஞ்சம் கூடவே குனிந்தேன் என்று நினைக்கிறேன். காலையில் இவரோடுதான் கதைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது அவரை நல்லவராக்குகிறதா? இல்லை. தன் விரல் போனவருக்கு அடுத்தவன் விரலின் விலை இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் அந்த இரவில் மருத்துவமனையில் தையல் முடியும்வரை கூட இருந்ததும் அவர்தான் என்று நண்பன் சொல்கிறான். இரண்டும் ஒரே ஆள்.

சரி, அவன் முடிவு அவனுடையது என்று விட்டுவிடலாமென்றால் பஸ் நிலையத்தில் நடந்தது விடவில்லை. டேகு பஸ் வந்து நின்றுவிட்டது, ஆட்கள் ஏறுகிறார்கள். என் பையைத் தூக்கித் தந்துவிட்டுச் சொன்னான்: “அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பிவிடு.”

“எந்தப் பக்கம்?”

“காலமை காட்டினியே.”

ஏறி உட்கார்ந்ததும் காக்காவோ செயலியில் அனுப்பினேன். செய்திக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் ‘1’ உடனே மறைந்தது. வாசித்துவிட்டான். பதில் இல்லை. எல்லாம் தெரிந்தவனுக்கு அது எதற்கு? என்னைச் சமாதானப்படுத்தக் கேட்டானா, போகிறவனை மனம் நோக அனுப்பக்கூடாதென்று? அல்லது முதல் சுற்று முடிந்து, கையெழுத்தெல்லாம் வாங்கியபிறகு பார்க்கலாமென்று வைத்திருக்கிறானா? அப்படியென்றால் அவன் என்னைவிட நன்றாகச் சட்டம் படித்தவன். சிகிச்சைச் செலவைக் கேட்க மூன்று வருடம், உறுப்பு இழப்புக்கு ஐந்து வருடம் என்று அதே பக்கத்தில் கீழே இருந்தது. நான் அந்த வரிவரை போகவில்லை, டேகுவுக்கு வந்தபிறகுதான் கண்டேன். அவன் அன்று காலையில் கடைசிவரை வாசித்தான்.

திங்கட்கிழமை ஹக்வோனில் இயக்குநர் என்னை நடைவழியில் நிறுத்தி, அடுத்த மாதம் சனிக்கிழமைகளில் பேச்சுப்போட்டிப் பயிற்சி இருக்கிறது, நீங்கள் வருவீர்கள்தானே என்றார். ஒப்பந்தத்தில் திங்கள் முதல் வெள்ளி என்றுதான் இருக்கிறது. மேலதிகக் காசைப் பற்றி அவர் பேசவில்லை. நான் “நே”, அதாவது ஓம், என்றேன். தெரிந்த நாலைந்து கொரியச் சொற்களில் அதுதான் சட்டென்று வந்தது. ஈ-2இலும் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறிடம் போகவேண்டுமென்றால் இவர் விடுவிப்புக் கடிதம் தரவேண்டும். ஆனால் இதையும் அதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. எனக்கு மிஞ்சிப்போனால் ஒரு விமானச் சீட்டும் கொஞ்ச வெட்கமும். அவனுக்குப் பின்னால் தங்கையின் கலியாணமும் வீட்டுக் கடனும் இருக்கின்றன. வந்த புதிதில் இயக்குநரோடு முரண்படாமல் இருப்பது புத்தி என்று இப்போதும் நினைக்கிறேன். அதே வாயால் அவனிடம் சும்மா இருக்கிறியோ என்று கேட்டதையும் திரும்பப் பெறமாட்டேன். யாராவது ஒருவர் அவனிடம் அதைச் சொல்லத்தான் வேண்டும். அது நானாக இருந்ததுதான் பிரச்சினையோ தெரியாது.

என் வகுப்பில் பதினொரு வயதுப் பிள்ளைகள் நாலு விடைகளில் ஒன்றுக்கு வட்டம் போட்டுத் தருகிறார்கள், நான் சிவப்புப் பேனையால் சரி போடுகிறேன். வட்டம் போட்டதற்காக அவர்களில் எவரும் எதையும் இழப்பதில்லை. அந்த வேலையை நான் நன்றாகத்தான் செய்கிறேன்.

கொரிய அறுவடைத் திருநாளான சூசோக் விடுமுறைக்கு அவன் டேகுவுக்கு வருகிறான். பார்க்க ஒன்றும் பெரிதாக வேண்டாமாம், நான் படிப்பிக்கும் வகுப்பை மட்டும் பார்க்கவேண்டுமாம். கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பப்போகிறானாம். கரும்பலகை இல்லை, தொடுதிரைதான் என்று சொன்னேன், பரவாயில்லை என்றான். அந்த நாட்களில் ஹக்வோன் பூட்டு. கதவின் இலக்கம் எனக்குத் தெரியும், ஆனாலும் வெளியாளைக் கூட்டிப்போவதென்றால் இயக்குநரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். இன்னும் கேட்கவில்லை.