முலாஞ்சே அடிவாரத்தில் ஒரு மழைக்காலம்

மலாவியின் தென்கிழக்கு மூலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி, முலாஞ்சே மலையடிவாரத்தில் இருக்கிறது நான் தன்னார்வலராகப் பணியாற்றிய மிஷன் மருத்துவமனை. அடிஸ் அபாபாவில் விமானம் மாறிப் பிளான்டயரில் இறங்கி, தேயிலைத் தோட்டங்களின் நடுவே செல்லும் சாலையில் பயணித்தால் ஊர் வந்துவிடும். 3,002 மீட்டர் உயரமுள்ள சபிட்வா சிகரம் மழைக்காலத்தில் பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும் என்பதால், மலையைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. நான் ஆய்வக நுட்புநர். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இரத்தத்தைப் பற்றியதுதான்.

ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே இரண்டு துன்பங்கள் சேர்ந்தே வருகின்றன. முந்தைய ஆண்டு அறுவடை செய்த மக்காச்சோளம் வீடுகளில் தீர்ந்துபோயிருக்கும். புதிய கதிர் முற்ற ஏப்ரல் ஆகிவிடும். அதே மாதங்களில்தான் மழைநீர் தேங்கி மலேரியாவும் உச்சத்துக்குப் போகிறது. பசியால் மெலிந்த குழந்தையின் உடலில் மலேரியாக் கிருமி சிவப்பணுக்களை அழிக்கும்போது என்ன நேரும் என்பதை நாள் முழுவதும் ஆய்வகத்தில் பார்க்கலாம்.

காலை ஏழரை மணிக்கு ஊழியர்கள் சிற்றாலயத்தில் கூடுவார்கள். வாத்தியம் எதுவுமின்றிப் பல குரல்களில் சிச்சேவா மொழியில் ஒரு ஞானப்பாட்டு, சிறு ஜெபம், உடனே இரவுப்பணி அறிக்கை. வெளியே அதற்குள் தாய்மார்களின் வரிசை நீண்டிருக்கும். சித்தெஞ்சே துணியால் முதுகில் கட்டிய குழந்தையோடு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ‘ஹெல்த் பாஸ்போர்ட்’ என்னும் சிறு நோட்டையும் ஒவ்வொருவரும் வைத்திருப்பார்கள். போட்ட தடுப்பூசி, சென்ற மாதக் காய்ச்சல், கொடுத்த மருந்து எல்லாம் அதில் இருக்கும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நோயாளியோடு அதுவும் போகும். கோப்பைத் தேடி அலையும் நம் ஊர் முறையைவிட இது மேல் என்றே எனக்குத் தோன்றியது.

விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் செய்யும் துரிதப் பரிசோதனை கால் மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிடும். ஆனால், அது கண்டறியும் புரதம் மலேரியா குணமான பின்பும் சில வாரங்கள் இரத்தத்தில் தங்கியிருக்கும் என்பதால், அண்மையில் சிகிச்சை பெற்ற குழந்தைக்கு அந்தப் பட்டையில் தெரியும் கோட்டை மட்டும் நம்ப முடியாது. கண்ணாடிச் சில்லில் இரத்தத்தைத் தடித்துப் பரப்பி, கிம்சா சாயமேற்றி, நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால், ஜெனரேட்டர் ஓடும் வரை என் சக ஊழியர் காத்திருப்பதில்லை. அடியில் ஆடி பொருத்திய பழைய நுண்ணோக்கியை ஜன்னலோரம் நகர்த்தி, மேகம் விலகும் பக்கமாக ஆடியைத் திருப்பி, ஊதா நிறப் புள்ளி ஒட்டிய மெல்லிய நீல வளையங்களை எண்ணத் தொடங்கிவிடுவார். வேகத்திலும் துல்லியத்திலும் நான் அவருக்கு ஈடாகவில்லை. அதே அறையின் மூலையில், யாரோ நன்கொடையாக அனுப்பிய விலையுயர்ந்த இயந்திரம் ஒன்று அதற்குரிய வேதிப்பொருள் கிடைக்காமல் துணி போர்த்தி நின்றது.

100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 4 கிராமுக்குக் கீழே போனால் இரத்தம் ஏற்றியாக வேண்டும். 4-க்கும் 6-க்கும் இடையில் இருந்து, மூச்சுத்திணறலோ நினைவுத் தடுமாற்றமோ இல்லாத குழந்தையைக் கண்காணித்து, நிலை மோசமானால் மட்டும் ஏற்றினாலும் இறப்பு கூடுவதில்லை என்று, உகாண்டாவிலும் மலாவியிலும் 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. குளிர்பெட்டியில் இரண்டே பைகள் இருக்கும் நாளில் இந்த முடிவின் அருமை புரியும். அந்த இரண்டும் தீர்ந்தால் உறவினர்தான் கொடுக்க வேண்டும்.

முலாஞ்சேயில் உறவினர் என்றால் முதலில் தாய்மாமன். அங்குள்ள லோம்வே, யாவோ மக்களிடையே வம்சம் தாய்வழியில் செல்கிறது. சகோதரியின் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் அவரே. ஒரு நாள், 2.9 கிராமோடு வந்த சிறுமிக்காக அவளுடைய மாமன் மழையில் சைக்கிள் மிதித்து வந்தார். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் ஆகிய சோதனைகள் முடிந்து, பிரிவும் பொருந்தி, பை நிரம்பிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “இன்றைக்கே களையெடுக்கப் போகலாமா?” கூடாது என்று என் சக ஊழியர் கண்டிப்பாகச் சொல்லி, ஃபேன்டா பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 200 மில்லி போதும் என்பதால், 450 மில்லி கொண்ட அந்தப் பையின் மீதி அதே பிரிவு இரத்தம் தேவைப்பட்ட வேறொரு குழந்தைக்குப் போனது.

வார்டுக்குப் பின்னால், உடன் வந்தவர்கள் தங்கும் கொட்டகை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, மூன்று கல் அடுப்பில் சமைப்பது எல்லாம் அவர்கள் வேலை. செவிலியர் குறைவாக உள்ள அந்த மருத்துவமனையில் பராமரிப்பின் பாதி அங்கேதான் நடக்கிறது. மாலையில் நானும் அங்கே போய் உட்காருவேன். நம் களியைப் போன்ற ஆனால் வெண்ணிறமான ந்சிமாவும், நிலக்கடலை மாவு சேர்த்து வேகவைத்த பூசணிக் கீரையும்தான் பெரும்பாலும் உணவு. அரை வயிற்றுக்குச் சமைத்தவர்கள்கூட எனக்கு ஓர் உருண்டை எடுத்து வைத்தார்கள். மறுத்தால் வருத்தப்படுவார்கள் என்பதால், அதன் பின் மாவு வாங்கிக்கொண்டுதான் போனேன்.

சிறுமி நான்காம் நாள் எழுந்து நடந்தாள். மாமனின் பெயரையும் இரத்தப் பிரிவையும் தொலைபேசி எண்ணையும் ஆய்வக நோட்டில் எழுதிக்கொண்டோம். ஏப்ரலில் அறுவடை முடிந்து உடல் தேறிய பின் மீண்டும் வரச் சொன்னபோது, சிறுமியின் தாயிடம் கலந்துபேசிச் சம்மதித்தார்.