பூனைக்குக் கப்பல், ஓணானுக்குப் பசை

ஒகசவாரா தீவுகள் ஆட்சிக் கணக்கில் டோக்கியோவைச் சேர்ந்தவை. இங்கே ஓடும் கார்களின் எண்பலகையிலும் டோக்கியோவின் ஷினகவா என்றுதான் இருக்கும். ஆனால் அங்கிருந்து தெற்கே சுமார் 1000 கிலோமீட்டர், கப்பலில் 24 மணி நேரம். விமான நிலையம் கிடையாது. புயலால் கப்பல் தள்ளிப்போனால் கடையில் காய்கறி அலமாரி காலி; அதற்காக யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

இயற்கைப் பாதுகாப்பு வேலை என்று சொல்லித்தான் இத்தீவுகளில் ஒன்றான சிச்சிஜிமாவுக்கு வந்தேன். திமிங்கிலம், ஆமை என்று பொழுது போகும் என ஊரில் பலர் பொறாமைப்பட்டார்கள். நான் பார்த்தது பெரும்பாலும் துப்புரவும் கொலையும்.

காட்டுப் பாதையில் நுழையுமுன் காலணியின் அடிப்பக்கத்தைத் தூரிகையால் தேய்த்து, வினிகர் தெளிக்க வேண்டும். மண்ணோடு வரும் நியூகினி தட்டைப்புழுவுக்காக இந்த ஏற்பாடு. இத்தீவுகளின் நத்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. 2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைக்க அவையும் முக்கியக் காரணம். சிச்சிஜிமாவில் அவற்றைப் பெரும்பாலும் இந்தப் புழு தின்று தீர்த்துவிட்டது. பக்கத்து அனிஜிமாவுக்குப் படகு ஏறுமுன் சட்டைப்பையைக்கூட வெளியே இழுத்து விதை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம்.

அனிஜிமாவில் வேலை, பச்சை அனோல் ஓணான் பிடிப்பது. 1968 வரை நீடித்த அமெரிக்க நிர்வாகக் காலத்தில் சிச்சிஜிமாவுக்கு வந்து சேர்ந்த இனம்; அங்கே தும்பிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் அரிதாக்கியது. 2013இல் அனிஜிமாவிலும் தென்பட்டது. மரத்தண்டில் பசை அட்டையைக் கட்டி வைப்போம். சிக்கியது பச்சை நிறம் மாறிப் பழுப்பாகக் கிடக்கும். அட்டையை மாற்று, எண்ணை எழுது, அடுத்த மரத்துக்குப் போ. அவ்வளவுதான்.

பூனைக்கோ வேறு நியாயம். அழிவின் விளிம்பில் இருந்த செந்தலைக் காட்டுப்புறாவை வேட்டையாடிய, காட்டில் திரியும் வீட்டுப்பூனைகளைக் கூண்டில் பிடித்துக் கப்பலேற்றுகிறார்கள். டோக்கியோவில் கால்நடை மருத்துவர்கள் அவற்றைப் பழக்கி வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். புறாவும் பெருகி ஊர் ஓரம் வரை வர ஆரம்பித்துவிட்டது.

“ஓணானை யார் வளர்ப்பார்கள்?” என்று சிரித்தார் உடன் வேலை செய்தவர். சரிதான். அத்தனை ஓணானுக்கும் கூண்டு செய்து முடியாது. தும்பிகள் அதுவரை காத்திருக்கவும் போவதில்லை. அட்டை மாற்ற எனக்குத் தயக்கமில்லை. உயிரோடு ஒட்டிக்கொண்டு வாலை அசைப்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுவேன்.